பிக்கப் வண்டியின் பேட்டரியும் ஸ்டெப்னியும் பத்திரமா?

அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. காலை எட்டு மணிக்கு வயலில் இறங்கும் என்று ஓட்டுநர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சாக்கு, படுதா, கூலியாள் எல்லாம் தயார். ஏழரை மணிக்கு வண்டியில் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை; டேஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை. இறங்கிப் பார்த்தால் பேட்டரி இருந்த இடம் காலி. வெட்டப்பட்ட இரண்டு கேபிள்கள் மட்டும் தொங்குகின்றன. சொந்தமாகக் குட்டி யானையோ பிக்கப்போ வைத்திருக்கும் விவசாயிக்கு இதைவிட மோசமான காலை வேறு இருக்க முடியாது.

பயிரைப் பற்றிப் பேசும் இந்தப் பக்கத்தில் பேட்டரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உழவியல் படித்தவன் என்ற முறையில், இதை அறுவடைக்குப் பிந்தைய இழப்புகளில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மத்திய அரசின் தர அளவுகோல்படி கொள்முதலுக்கு 17 சதவீதம்தான் உச்சவரம்பு. சில பருவங்களில் மட்டும் தளர்வு தருகிறார்கள். அந்த ஈர நெல்லைக் களத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பாமல், வயல் ஓரத்திலேயே குவித்து ஒரு ராத்திரி விட்டால் குவியலின் உட்பக்கம் சூடேறும். மணி பழுப்பேறும், வாடை அடிக்கும். குறுவை அறுவடை என்றால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். சம்பா என்றால் தை மாதப் பனி கொட்டும். ஆகவே பேட்டரி காணாமல் போனால் பேட்டரியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. வேறு வண்டிக்கு வாடகை, காத்திருக்கும் ஆட்களுக்குக் கூலி, தரம் குறைந்த நெல்லுக்கு வியாபாரி பிடிக்கும் விலை என்று அது நீண்டுகொண்டே போகும்.

ஏன் இந்தப் பொருள்கள் மட்டும்?

முழு வண்டியைத் திருடுவது பெரிய வேலை. சாவி வேண்டும், ஓட்டிச் செல்ல வேண்டும், நம்பர் பிளேட்டை மாற்ற வேண்டும், சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பேட்டரிக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு கட்டரும் போதும். சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் பேட்டரி பூட்டிய பானெட்டுக்குள் இருப்பதில்லை. சட்டத்தின் பக்கவாட்டில், ஒரு பட்டையும் இரண்டு நட்டும் பிடித்திருக்க, வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்த இடம், திருடனுக்கும் அதே வசதியைத் தருகிறது.

பழைய பேட்டரிக்கு எடைக்கு விலை உண்டு. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதற்குப் பெரிய உலை தேவையில்லை. உருகி ஒரு கட்டியாகிவிட்டால் அது யாருடைய வண்டியில் இருந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. போர்வெல் மோட்டாரின் செம்புக் கேபிளை இரவோடு இரவாக வெட்டி, மேலுறையை எரித்துவிட்டுக் கம்பியை மட்டும் விற்பதும் இதே வகைதான். டெல்டா விவசாயிகளுக்கு அந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெப்னி, ஜாக்கி, படுதா, பின்கதவு ஆகியவற்றை உருக்கக்கூடத் தேவையில்லை. அப்படியே இன்னொரு வண்டியில் மாட்டிக்கொள்ளலாம்.

பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் இந்த விதி நடைமுறைக்கு வந்தது. இந்த வண்டிகளின் புகைபோக்கிப் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் சிறிதளவு பூசப்பட்டிருக்கும். குஜராத், மகாராஷ்டிர மாநிலங்களில் மாருதி ஈக்கோ வண்டிகளின் சைலன்சரைக் குறிவைத்துத் தொடர் திருட்டுகள் நடந்தது இதற்காகத்தான். வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஆள் படுத்து நுழைய இடம் இல்லாதபடி, ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துவது இதற்கு எளிய தடுப்பு.

காப்பீடு கைகொடுக்குமா?

"இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே" என்று நினைத்தால், உங்கள் பாலிசியை எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசியில், வண்டியும் சேர்ந்து திருடு போனால் ஒழிய, துணைப் பொருள்கள் மட்டும் திருடு போனதற்கு இழப்பீடு கிடையாது என்று இருக்கும். நீங்கள் செலவு செய்து மாட்டிய ஸ்பீக்கர், கூடுதல் விளக்கு, கேரியர் எல்லாம் இதில் அடங்கும். பேட்டரி துணைப் பொருள் அல்ல, வண்டியின் பாகம் என்று வாதாடி வென்றாலும் பெரிய லாபம் இல்லை. பேட்டரி, டயர், ட்யூப் ஆகியவற்றுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள். அதற்கு மேல் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை ஒன்று உண்டு. கிளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டு நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். கூட்டிக் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனவே தடுப்பதற்குச் செய்யும் செலவே உண்மையான காப்பீடு.

பயிர்ப் பாதுகாப்பில் பொருளாதார சேத நிலை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பூச்சியால் வரும் இழப்பு, மருந்துச் செலவைத் தாண்டும்போது மட்டும் தெளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பேட்டரி, அதனோடு ஒரு நாள் அறுவடை. இவற்றைக் காக்க ஒரு இரும்புப் பெட்டியும் பூட்டும் செய்வது இந்தக் கணக்கில் தாராளமாகத் தேறும். பத்தாயிரம் ரூபாய்க்குக் கேமரா மாட்டுவது தேறுமா என்பது எனக்குச் சந்தேகம். முகத்தை மூடிக்கொண்டு வருபவரைக் கேமரா படம் பிடிக்கும், பேட்டரியைப் பிடித்து வைக்காது.

கடல் காற்றுக்கு ஏற்ற பூட்டு

கோட்டுச்சேரியில் இந்த விஷயத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ கிராமங்களுக்கு மீனும் ஐஸும் ஏற்றிப் போய்வரும் வண்டியில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நெல் மட்டும் ஏற்றும் வண்டிக்கும் உப்புக் காற்று தப்பாது. சாதாரண இரும்புப் பூட்டு ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிடும். சாவி சுற்றாது. ஒரு நாள் அவசரத்தில் அதை உடைத்துப் போட்டுவிட்டு, "இனி பூட்டே வேண்டாம்" என்று விட்டுவிடுவோம். கடலோரத்தில் பூட்டு தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகு வளையமும் உள்ள பூட்டாக வாங்குங்கள். சாவித் துளைக்குள் கிரீஸ் தடவாதீர்கள். வயல் தூசி அதில் ஒட்டிச் சேறாகிவிடும். மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டுக்கு மேல் மடல்போலத் தொங்கவிட்டால் சக்கரம் வாரி இறைக்கும் சேறு படாது. பேட்டரி டெர்மினலில் வாசலின் தடவுவது உங்களுக்குப் பழக்கமானதுதான். அதையே பெட்டியின் கீலுக்கும் நட்டுக்கும் தடவுங்கள்.

பேட்டரிப் பெட்டி செய்யும்போது சில விஷயங்களைப் பட்டறைக்காரரிடம் நீங்களே அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டியைத் தனியாக வெளியே வைத்து வெல்டிங் செய்து முடித்து, பிறகு வண்டியில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். வண்டியில் வைத்தே பற்ற வைத்தால், அதுவும் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் செய்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி கெட்டுப்போகலாம். அதன் விலைக்குப் பல பேட்டரிகள் வாங்கலாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். எனவே பெட்டியை முழுவதும் மூடக்கூடாது; மேல்பகுதியில் வரிசையாகக் காற்றுத் துளைகள் வேண்டும். அடியில் தண்ணீர் வடிய இரண்டு துளைகள். பேட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே ரப்பர் ஷீட் போட்டால் குலுக்கலில் பேட்டரியின் உடல் விரியாது.

வண்டியின் சட்டத்தில் புதிதாகத் துளை போடுவதையும், வெல்டிங் வைப்பதையும் நான் ஏற்பதில்லை. சுமை முழுவதையும் தாங்குவது அதுதான், வாரண்டியும் போய்விடும். நிறுவனம் போட்ட துளைகளையே பயன்படுத்துங்கள், அல்லது யு கிளாம்ப் போடுங்கள். உருண்டைத் தலை போல்ட்டின் தலை வெளியேயும் நட்டு பெட்டிக்கு உள்ளேயும் இருக்க வேண்டும். அப்போது மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கழற்ற வழியில்லை. பூட்டு வளையத்தைச் சுற்றி ஒரு குழாய்த் துண்டோ தகடோ வைத்து, கட்டரின் வாய் நுழையாதபடி மறைத்துவிட்டால் வேலை முடிந்தது. வலுவான ஆள் வந்தால் இதையும் உடைப்பார். ஆனால் அதற்கு நேரம் ஆகும், சத்தம் வரும். இரவில் வருபவருக்கு இரண்டுமே பிடிக்காது.

ஸ்டெப்னியும் பின்கதவும்

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகள் ஏராளம். அங்கே பல காலமாக நடக்கும் திருட்டு பின்கதவுத் திருட்டு. அந்த வண்டிகளின் பின்கதவைக் குறிப்பிட்ட சாய்வில் வைத்துத் தூக்கினால் கருவி எதுவும் இல்லாமலே கழன்றுவிடும். அதற்கு அங்கே பலர் செய்யும் மருந்து மிக மலிவானது. நாம் மோட்டார் ஓஸுக்குப் போடும் கிளாம்ப் இருக்கிறதே, அதைக் கீலைச் சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். கதவு திறக்கும், மூடும். மேலே தூக்க மட்டும் வராது.

நம்முடைய வண்டிகளின் பின்கதவும் பக்கக் கதவுகளும் பெரும்பாலும் கீல் கம்பியில் தொங்குபவை. அந்தக் கம்பியின் முனையில் ஒரு ஸ்பிளிட் பின் மட்டும் இருந்தால் இடுக்கியால் உருவிவிடலாம். அங்கே வாஷர் போட்டு, நைலாக் நட்டு முடுக்குங்கள். கதவைக் கழற்றி வைத்து நீண்ட சாமான் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பக்க முனைக்கு மட்டும் சிறு பூட்டு போடலாம்.

ஸ்டெப்னி சட்டத்துக்கு அடியில் தொங்கினால், அதை இறக்கும் கம்பி ஒன்றுதான் அதற்குக் காவல். ரிம்மின் துளை வழியாக ஒரு சங்கிலியைக் கோத்து, குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். சங்கிலியைப் பழைய சைக்கிள் ட்யூபுக்குள் நுழைத்துவிட்டால் சத்தமும் வராது, துருவும் குறையும். ஓடும் சக்கரங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு லாக் நட் போடுவது நல்லதே. அதன் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வயலில் பஞ்சர் ஆகி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதை ஜாக்கியோடு சேர்த்துக் கேபினுக்குள் வைக்க வேண்டும்.

டீசல் டேங்குக்குச் சாவி போட்ட மூடி கடைகளில் கிடைக்கிறது. காரைக்காலில் டீசல் விலை பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் இங்கே வருபவர்கள் டேங்கை நிறைத்துக்கொண்டுதான் போகிறார்கள். நிறைந்த டேங்கும் திறந்த மூடியும் ஓஸ் போட்டு உறிஞ்சுபவருக்கு வசதி. படுதாவை வண்டியில் மடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கத்தை மட்டும் விட்டால் போதும், அதற்கு வேறு பாதுகாப்பு தேவைப்படாது.

பெயர் எழுதுங்கள்

கோயில் பாத்திரத்தில் உபயதாரர் பெயர் வெட்டுவது போல, நீங்களும் உங்கள் பொருளில் வண்டி எண்ணைப் பதியுங்கள். எல்லாத் தடுப்புகளிலும் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான். காரைக்கால் பதிவு வண்டி என்றால் பி.ஒய். 02 என்று தொடங்கும் முழு எண். பேட்டரியின் பிளாஸ்டிக் உடலில் சூடான சால்டரிங் அயர்னால் மேலோட்டமாக எழுதலாம்; ஆழமாகக் குத்தினால் ஆசிட் கசியும், கவனம். பேட்டரியைக் கழற்றி, தள்ளி வைத்து, காற்றோட்டமான இடத்தில் எழுதுங்கள். ரிம்மில் எழுத்துப் பஞ்ச் கொண்டு, போல்ட் துளைக்கும் பற்றவைப்புக்கும் விலகி, நடுத் தகட்டில் அடியுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கதவு என எல்லாவற்றிலும் அதே எண். படுதாவில் ஆயில் பெயின்டால் நடுவிலும் நான்கு மூலையிலும் எழுதுங்கள். ஒரு மூலையை வெட்டினாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, பேட்டரியின் வரிசை எண், டயரின் வரிசை எண், நீங்கள் எழுதிய குறி ஆகியவற்றைச் செல்பேசியில் படம் எடுத்து, வாங்கிய பில்லையும் படம் எடுத்து, மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள். பில்லின் அவசியத்தைக் கீழே சொல்கிறேன்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் கசப்பான ஒன்றையும் பேச வேண்டும். திருடிய ஸ்டெப்னி வானத்தில் ஓடுவதில்லை. அது இன்னொரு விவசாயியின் வண்டியில்தான் ஓடுகிறது. காயலான் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்கும்போது அடுத்த திருட்டுக்கு நாமே முன்பணம் கொடுக்கிறோம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் பழைய பேட்டரியையும் புதியது வாங்கும் கடையிலேயே கழிவு விலைக்குக் கொடுத்துவிடுங்கள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குப் போய்ச்சேரும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. அந்த வழியில் போனால் ஈயம் நம் வாய்க்காலிலும் மண்ணிலும் கலக்காது.

எல்லை தாண்டிப் போனால்

காரைக்கால் மாவட்டம் சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். கோட்டுச்சேரியிலிருந்து தரங்கம்பாடிச் சாலையில் பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகப்பட்டினம் மாவட்டம். இரவில் இங்கே கழற்றிய பேட்டரி, விடியும் முன் இரண்டு வேறு காவல்துறைகளுக்கு இடையிலான கோட்டைக் கடந்துவிடும். உங்கள் வண்டியும் அப்படித்தான். நிலம் ஒரு பக்கம், களம் மறுபக்கம் என்று இருப்பவர்கள் உண்டு. "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலுக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

பில் எதற்கு என்றால், சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காவல்துறை புலன் விசாரணையே செய்ய முடியாத வகையில் அது போய்விடும். பழைய பேட்டரிதானே என்று யாராவது ஒரு மதிப்பைப் போட்டு எழுதினால் உங்கள் புகார் அங்கேயே படுத்துவிடும். வாங்கிய விலை, வாங்கிய தேதி, வரிசை எண் மூன்றையும் புகாரில் எழுதி, பில் நகலை இணையுங்கள். வண்டி சரக்கு ஏற்றும் வண்டி என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். சரக்கு அல்லது பயணிகளை ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதற்கு நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை சொல்லப்பட்டிருக்கிறது. எந்தப் பிரிவில் பதிவது என்பது காவல்துறையின் முடிவு. அதற்கு வேண்டிய விவரம் புகாரில் இருக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் வேலை.

திருட்டைக் கண்டவுடன் பெட்டியைத் தொட்டுப் பார்க்காமல், முதலில் படம் எடுங்கள். 112-ஐ அழையுங்கள். பிறகு அன்றைய அறுவடைக்கு வழி பாருங்கள். புதிய பேட்டரி மாட்டும் முன் வெட்டுப்பட்ட கேபிளின் முனைகளை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். அவசரத்தில் முறுக்கிக் கட்டினால் அந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கலாம். பக்கத்து வண்டிக்காரரின் பேட்டரியை இரவல் வாங்கி மாட்டுவதாக இருந்தால் இரண்டும் 12 வோல்ட்தானா, நேர்முனையும் எதிர்முனையும் அதே பக்கம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் மீட்கப்பட்டால் அது வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503-வது பிரிவுகளின்கீழ் இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். அப்போதும் கேட்கப்படும் முதல் கேள்வி, இது உங்களுடையது என்பதற்கு என்ன அடையாளம் என்பதுதான். பில்லும், வரிசை எண்ணின் படமும், பேட்டரி உடலில் நீங்கள் சுட்டு எழுதிய வண்டி எண்ணும் மனுவோடு போகட்டும்.